ஐந்து ஜோடிகளும் மூன்று நாள் விடுமுறையும்

வலியசாலையில் சாயங்காலம் கோவில் நடை திறக்கும் நேரத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவது பல வருட வழக்கம். ஒருவர் ஏ.ஜி. ஆபீஸில் இருந்தவர். ஒருவர் வங்கி. ஒருவர் கல்லூரி ஆசிரியர். ஒருவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு தனியார் நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதியவர். ஐந்தாவது ஆள், ரயில்வேயில் பாதையையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டிருந்த நான். எல்லோருடைய முன்னோரும் ஏதோ ஒரு தலைமுறையில் தாமிரபரணிக் கரையிலிருந்தோ நாஞ்சில் நாட்டிலிருந்தோ இங்கே வந்தவர்கள்தாம்.

ஓய்வு பெற்றவனுக்கு ஞாயிறும் செவ்வாயும் ஒன்றுதானே, இவர்களுக்கு எதற்கு விடுமுறைக் கணக்கு என்று வாசகர்கள் கேட்கலாம். எங்களில் இருவருடைய மனைவிமார் இன்னும் வேலைக்குப் போகிறார்கள். ஆகவே வெள்ளியோ திங்களோ அரசு விடுமுறையாக அமைந்து, சனி ஞாயிறோடு சேர்ந்து வரும் மூன்று நாள்தான் எங்களுக்கு வாய்க்கிறது. வருடத்தில் இரண்டு மூன்று முறை அப்படி வரும். ஊர் உலகமெல்லாம் அதே நாட்களில்தான் கிளம்புகிறது என்பதுதான் சங்கடம்.

"எங்காவது போகலாம்" என்பதில் ஒருநாளும் கருத்து வேற்றுமை வந்ததில்லை. "எங்கே?" என்று கேட்டவுடன் திண்ணை இரண்டுபடும். ஒருவர் மூணாறு என்பார். இன்னொருவர் ஆலப்புழை படகு வீடு என்பார். கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் சொன்ன ஊருக்குப் போவோம். வீட்டுப் பெண்களிடம் முடிவைத் தெரிவிப்போம், கேட்பதில்லை. இப்படிப் பல வருடம் போய்வந்தோம். முறை தவறு என்று எனக்குப் புரிந்தது ஒரு படகு வீட்டுப் பயணத்துக்குப் பிறகுதான்.

அந்தத் தடவை ஆலப்புழையில் ஐந்து அறை கொண்ட பெரிய படகு ஒன்றைப் பேசினோம். புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு கணக்கர் நண்பர், "எனக்கு மூட்டுவலி அதிகமாகிவிட்டது, நீங்கள் போய்வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். வருத்தம்தான். ஆனால் வற்புறுத்தவில்லை. புறப்பட்ட அன்று காலை அவர் எங்களை வழியனுப்பத் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்தார். அவர் வீட்டில் செய்த முறுக்கு ஒரு டப்பா நிறைய. மேம்பாலம் ஏறி, இறங்கி, எங்கள் பெட்டி நின்ற இடம்வரை வந்து டப்பாவை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, வண்டி நகரும் வரை நின்றார். பாலத்தில் மயிரிழை விரிசலையும் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவன் நான். மூட்டுவலிக்காரர் எப்படி மேம்பாலப் படி ஏறி வந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்த பிறகு கோவிலில் அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மூட்டில் ஒன்றுமில்லை. அந்தப் படகின் பங்குத் தொகை அவருக்கு இரண்டு மாதச் செலவு. எங்களில் நான்கு பேர் பஞ்சப்படியோடு பென்ஷன் வாங்குகிறவர்கள். அவருக்கு வருவது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் 1995-ஆம் வருடத் திட்டத்துப் பென்ஷன். அந்தத் திட்டத்தில் 2014 செப்டம்பரில்தான் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். அவருக்கு அதைவிடச் சில நூறு கூட வருகிறது, அவ்வளவுதான். தினமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தும் இது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் முயலவில்லை என்பது இன்னும் சரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வேயில் 'ரூலிங் கிரேடியண்ட்' என்று ஒன்று உண்டு. ஆளும் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பகுதியில் நூறு கிலோமீட்டர் பாதை சமதளமாக இருந்து, நடுவே ஓரிடத்தில் மட்டும் கடுமையான ஏற்றம் இருந்தால், எஞ்சின் எத்தனை பெட்டியை இழுக்கலாம் என்பதை அந்த ஓர் இடம்தான் தீர்மானிக்கும். சராசரிக்கு அங்கே வேலையில்லை. பத்துப் பேர் சேர்ந்து போகும் பயணமும் அப்படியே. பத்துப் பேரின் சராசரி வசதியை வைத்து ஊரைத் தேர்ந்தால், ஒருவர் ஏற்றத்தில் நின்றுபோவார். நின்றுபோனவர் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

ஏற்றம் அதிகமான இடத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் மாட்டுவதும் உண்டு. "நாமெல்லாம் சேர்ந்து அவர் பங்கைக் கொடுத்துவிட்டால் போகிறது" என்று வங்கி நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். முறுக்கு டப்பாவோடு வந்து நின்ற மனிதர் அதை ஏற்பாரா? பாதையின் ஏற்றத்தைக் குறைப்பதுதான் வழி என்று மற்ற மூவரும் முடிவு செய்தோம்.

அடுத்த தடவை, 2025 ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை என்று நாள்காட்டியில் பார்த்தவுடன், ஜூன் தொடக்கத்திலேயே பத்துப் பேரையும் எங்கள் வீட்டில் கூட்டினோம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஜோடிக்கு ஒன்று என்று வைத்தால் புருஷன் எழுதுவதே சீட்டாகிவிடும். பெயர் எழுதக்கூடாது. மூன்று விஷயம் மட்டும் எழுதவேண்டும். ஒன்று, இருவருக்குமாகச் சேர்த்து எவ்வளவு செலவழிக்க மனம் ஒப்பும். இரண்டு, எது தன்னால் முடியாது. மூன்று, எது கட்டாயம் வேண்டும். சீட்டுகளைச் செம்பில் போட்டுக் குலுக்கி, ஏ.ஜி. ஆபீஸ் நண்பரின் மனைவி உரக்கப் படித்தார்.

தொகையில் மேல் எல்லை இருபத்தைந்தாயிரம். கீழ் எல்லை ஐயாயிரம். அதுவும் இரண்டு சீட்டில். மற்ற எட்டுச் சீட்டையும் அத்துடன் மறந்துவிட்டோம், ஐயாயிரம்தான் வரம்பு என்று பேச்சில்லாமல் முடிவாயிற்று. 'முடியாதது' என்பதில் நான்கு பேர் படி ஏறுவதை எழுதியிருந்தார்கள். மூன்று பேர் கீழே உட்காரும் கழிப்பறை முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும். 'வேண்டியது' என்பதில் ஒரு அம்மாள் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "மூன்று நாள் காலையில் என்னிடம் யாரும் காப்பி கேட்கக்கூடாது." பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆண்கள் ஐவரும் அது தங்கள் வீட்டுச் சீட்டாக இருக்குமோ என்று தரையைப் பார்த்தோம்.

இதற்கு மேல் நேரக் கணக்கு. மூன்று நாள் என்றால் எழுபத்திரண்டு மணி நேரம் என்று மனம் மயங்கும். தூக்கத்துக்கு இருபத்துநான்கு, குளியல் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு போனால் மிச்சம் முப்பத்தாறு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டியில் கழியுமானால் அது உல்லாசப் பயணம் ஆகாது, டியூட்டிதான். ஆகவே போக ஆறு மணி, வர ஆறு மணி. இதில் வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரையிலான நேரம் முழுவதும் அடக்கம். மலைப்பாதையில் மணிக்கு இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர்தான் போகமுடியும். விடுமுறை நெரிசலில் அதுவும் குறையும்.

இந்தச் சல்லடையில் போட்டுச் சலித்தபோது மூணாறு முதலிலேயே விழுந்துவிட்டது. எனக்கு அதில் சொந்த நஷ்டம். அங்கே தேயிலை கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டு, 1908-இல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றி, 1924 பெருவெள்ளத்தில் அத்தனையும் அடித்துக்கொண்டு போனது. அதன் தடயங்களைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து ஏழு எட்டு மணி நேரத்துக்குக் குறைந்து போய்ச் சேர முடியாது. நான்கு நாளாவது கிடைத்தால்தான் மூணாறு. கொடைக்கானல், ஊட்டி பற்றியும் பேச்சு வந்தது. தூரம் ஒரு பக்கம் இருக்க, சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அங்கே வண்டியோடு போகிறவர்கள் இ-பாஸ் எடுக்கவேண்டியிருக்கிறது. கூட்டம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பொன்முடி இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவோடு பக்கத்திலேயே இருந்தாலும், ஒரு நாளில் போய்த் திரும்பும் இடம். அதோடு அந்த வாந்திக்காரரும் இருக்கிறார்.

தேக்கடி நேரக் கணக்கில் ஓரத்தில் தேறியது. படகுச் சவாரிதான் அங்கே முக்கியம் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து நாற்பத்தைந்து பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. மேல்தட்டில் ஆள் ஏற ஏறப் படகின் எடை மையம் மேலே போகும். அந்த நிலையில் கூட்டம் ஒரு பக்கம் நகர்ந்தால், படகு தானாக நிமிரும் சக்தியை இழந்துவிடும். கும்பலாகப் போகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒருவர் "அதோ பார்!" என்றால் பத்துப் பேரும் எழுந்திருப்போம். தேக்கடியோ ஆலப்புழையோ, மிதவைச் சட்டையைப் போட்டுக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கவேண்டும். சட்டை மடியில் இருந்தால் பயனில்லை.

கன்னியாகுமரி எல்லாக் கணக்கிலும் தேறும். 1979-இல் பாதை திறந்த நாள் முதல் நமக்கு அது அடுத்த வீடு மாதிரி. வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறந்த பிறகு அதைப் பார்க்கவென்றே கூட்டம் வருகிறது. ஆனால் எங்களில் எல்லோரும் பலமுறை போன ஊர். உறவுக்காரர் வீடுகள் வேறு அந்த வழியெல்லாம். மூன்று நாளில் இரண்டு நாள் அவர்கள் வீட்டுக் கூடத்தில் போய்விடும். போக நினைப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்களன்று விடுமுறை. சனி ஞாயிறு திங்கள் என்று வரும் விடுமுறையில் அதைக் கடைசி நாளுக்கு வைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. மற்றது மாத்தூர் தொட்டிப் பாலம். பறளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில், ஏறக்குறைய 380 மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் ஓடும் பாலம். காமராஜர் காலத்துத் திட்டம். மேலே நடந்து போகலாம். பாலத்தைச் சமதளமாகவே அடையலாம். கீழே ஆற்றுக்கு இறங்கத்தான் படி.

மிஞ்சியது குற்றாலம். ஆகஸ்டு சீசன் மாதம். தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையில் கொட்டிவிட்டு மிச்சத்தைச் சாரலாகக் கிழக்கே தெளிக்கும் காலம். அருவிக்கு ஏற வேண்டியதில்லை. மெயின் அருவியும் ஐந்தருவியும் ரோட்டோரத்திலேயே இருக்கின்றன. ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் ஐந்து கிலோமீட்டரில் தென்காசி, 2019 முதல் மாவட்டத் தலைநகரம். அறுபதைத் தாண்டியவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அருவிக்கு எவ்வளவு தூரம் என்பதைக் கேட்பதோடு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்பதையும் கேட்கவேண்டும்.

ரோடு வழியாக நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை என்று நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். வேன் பேசினால் நாலு மணி நேரம். நாங்கள் ரயிலில்தான் போனோம். கொல்லம் போய் வண்டி மாறி, புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை. நேரம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் பணம் நாலில் ஒரு பங்கு, வளைவு ரோட்டின் குலுக்கல் இல்லை, கழிப்பறை உண்டு, பத்துப் பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசலாம். 1904-இல் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிய பாதை அது. புனலூர் - செங்கோட்டைப் பகுதியை 2010-இல் மூடி, மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கி, 2018-இல் முழுதாகத் திறந்தார்கள். மலை ஏறும்போது வண்டிக்குப் பின்னாலும் எஞ்சின் மாட்டித் தள்ளுவார்கள். தென்மலைக்கு அப்பால் பதின்மூன்று வளைவுக் கல் பாலம் வரும். பழைய கட்டுமானத்தை இடிக்காமல் வலுப்படுத்தி அதன்மேலேயே அகலப் பாதை போட்டிருக்கிறார்கள். பாலத்தின் அழகு வண்டியில் இருப்பவருக்குத் தெரியாது, ரோட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட் விஷயத்தில் நண்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதை இங்கே எழுதிவிடுகிறேன். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. அதற்கு முன் நூற்றிருபது நாள் இருந்தது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. பத்துப் பேர் என்றால் ஆறும் நாலுமாகப் பிரித்துப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. பகல் பயணத்துக்கு அது சரி. இரவுப் பயணமானால் அப்படிச் செய்யாதீர்கள். கீழ்ப் படுக்கைக்கென்று மூத்தவர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு அறுபது வயது, பெண்களுக்கு நாற்பத்தைந்து. ஆனால் தனியாகவோ, ஒரே டிக்கெட்டில் இந்தத் தகுதியுள்ள இரண்டு பேராகவோ போனால்தான் அது கிடைக்கும். ஆகவே ஐந்து ஜோடிக்கு ஐந்து டிக்கெட். பெட்டி மாறி விழலாம், முழங்காலுக்கு நல்லது. மூத்தவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான். எனக்கு ரயில்வே பாஸ் உண்டு என்பதால் என் செலவைப் பொதுக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை மாதிரியாக வைத்துக் கணக்குப் போட்டால் மற்றவர்களுக்கு அநியாயம்.

தங்குவதற்குக் குற்றாலத்தை விட்டுத் தென்காசியில் பார்த்தோம். அருவிக்குப் பக்கத்து அறைக்குச் சீசனில் கேட்கும் வாடகையில் தென்காசியில் இரண்டு நாள் தங்கலாம். பல வருடம் முன்பு ஒரு மலை ஊரில், ஊர்ப் பெயரும் விடுதிப் பெயரும் வேண்டாம், போனில் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்த ஐந்து அறையை அதிக வாடகைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு எங்களை ஒரே ஹாலில் படுக்கச் சொன்னார்கள். பெண்கள் உட்கார்ந்தே விடியவைத்தார்கள். அது முதல் முன்பணம் அனுப்பி, தேதி, அறை எண்ணிக்கை, தரைத்தளம், மேல்நாட்டுக் கழிப்பறை நான்கையும் எழுத்தில் வாங்கிவிடுவேன். இப்போது வாட்ஸப்பில் ஒரு வரி வந்தாலும் போதும். பத்துப் பேருக்குள் அறைகளில் நல்லது கெட்டது என்று இருந்தால், சாவியைக் கையில் மூடி வைத்துப் பெண்களை எடுக்கச் சொல்லவேண்டும். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். கடலைப் பார்த்த அறை யாருக்கு என்பதில் இரண்டு குடும்பங்கள் ஒரு வருடம் பேசாமலிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அருவியில் குளிப்பதற்குக் காலை ஐந்து மணி நல்ல நேரம். ஒன்பதுக்கு மேல் வரிசை. மெயின் அருவியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் அடங்கித்தான் தண்ணீர் கீழே வருகிறது. அப்படியும் மேலே மலையில் பெருமழை பெய்தால் நிமிடத்தில் நிலைமை மாறும். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸார் குளிக்க விடமாட்டார்கள், அவர்களோடு வாதாடக்கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோயிற்று. கீழே வானம் வெளுத்திருப்பதை நம்பக்கூடாது. நாங்கள் போன முதல் நாள் நல்ல தண்ணீர். இரண்டாம் நாள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அருவிப் பக்கமே போகாமல் தென்காசிக் கோவிலிலும் சித்திரசபையிலும் பொழுதைப் போக்கினோம். காலைக் காப்பியை ஆண்கள் ஐவரும் முறைவைத்துக் கடையிலிருந்து ஃபிளாஸ்கில் வாங்கிவந்தோம். ராத்திரி எல்லைப்பக்கத்துக் கடையில் புரோட்டா. சாப்பிடாதவர்களுக்கு இட்லி.

பணத்தை ஒருவரே வைத்துக்கொண்டு ஒருவரே எழுதவேண்டும் என்பது கடைசியாக ஒன்று. ஆளாளுக்கு "நான் கொடுக்கிறேன்" என்று பில்லைப் பிடுங்கினால், பிடுங்கத் தெம்பில்லாதவர் கைகழுவப் போன இடத்திலேயே நிற்பார். ஜோடிக்கு ஐயாயிரம் முதலிலேயே கட்டிவிட்டோம். சாப்பாடு, அறை, ஆட்டோ, டிக்கெட் பொதுவில். துணிக்கடையும் நன்னாரி சர்பத்தும் அவரவர் சொந்தம். கணக்கு எழுத முப்பத்தொரு வருட அனுபவம் உள்ளவர் எங்களிடையே இருக்கிறார் என்பதால் அவரையே கேட்டோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். நோட்டின் விலையைத்தான் முதல் வரியாக எழுதினார். ஆட்டோக்காரருக்குக் கூடுதலாகக் கொடுத்த பத்து ரூபாய்க்கு என்னை இரண்டு முறை விசாரித்தார்.

திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம் திண்ணையில் நோட்டைப் பிரித்து வாசித்தார். இருபத்தைந்தாயிரத்தில் செலவு 24,785. என் பாஸ் மிச்சத்தை முன்பே கழித்து என்னிடம் கொடுத்துவிட்டார். ஜோடிக்கு நாற்பத்து மூன்று ரூபாய் வீதம் எண்ணி, எங்கள் ஐந்து வீட்டுப் பெண்களின் கையிலும் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.